மலையில் வாட்ச் மக்கர் பண்ணினால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

"மலையேறப் போகிறேன், நல்லா உழைக்கிற வாட்ச் ஒன்று சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முந்தைய வாட்ச் எப்படிப் போனது? தண்ணீர் புகுந்ததா, ஸ்ட்ராப் அறுந்ததா, செல் தீர்ந்ததா, உயரம் தப்பாகக் காட்டியதா? சென்னையில் இருந்துகொண்டு வாரக் கடைசியில் நாகலாபுரம், ஏலகிரி, ஜவ்வாது, கொல்லிமலை என்று போய் வருகிறவர்களின் வாட்ச் பெரும்பாலும் இங்கேயே, இந்த வேர்வையிலும் உப்புக் காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போய், மலைக்குப் போனதும் காட்டிக்கொடுக்கிறது. எப்படிப் போனது என்று தெரிந்தால் அடுத்து எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

உங்கள் வாட்ச்சுக்கு எந்த அறிகுறி பொருந்துகிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள். புதிதாக வாங்கப் போகிறவர்கள் மட்டும் முழுதாகப் படியுங்கள்.

கண்ணாடிக்குள் பனி படர்கிறது

அதிகமாக வருவது இதுதான், அதிகமாகத் தப்பாகக் கையாளப்படுவதும் இதுதான். எனக்கு நடந்தது நாகலாபுரத்தில். காலையிலிருந்து சூடான பாறைமேல் ஏறி, பதினோரு மணிக்கு அந்தக் குளிர்ந்த மடுவில் அப்படியே குதித்தேன். கையில் இருந்தது 50 மீட்டர் என்று பின்மூடியில் எழுதிய வாட்ச். ஐந்து நிமிடத்தில் கண்ணாடியின் உள்பக்கம், நேரம் திருத்தும் சாவி இருக்கும் ஓரத்திலிருந்து வெள்ளையாகப் படர ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து எல்லோரும் சொல்கிற மாதிரி அரிசி டப்பாவில் இரண்டு நாள் போட்டு வைத்தேன். பனி போய்விட்டது. அடுத்த மாதம் சாதாரண மழையில் மறுபடி வந்தது.

திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கிற பாயிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கறுப்பு ரப்பர் வாஷரை ஊசி முனையில் தூக்கி, லென்ஸுக்குக் கீழே பிடித்துக் காட்டினார். உருண்டையாக இருக்க வேண்டிய வளையம் நூடுல்ஸ் மாதிரி தட்டையாக இருந்தது, ஓரிடத்தில் மூடி கவ்விப் பாதி அறுந்தும் இருந்தது. "தம்பி, செல் மாத்தினப்ப பழைய வாஷரையே காய்ஞ்சபடி வச்சு மூடியிருக்காங்க. இதுல தண்ணி போகாம என்ன செய்யும்?" என்றார். அதற்கு ஆறு மாதம் முன்னால் ஒரு கடையில் செல் மாற்றியிருந்தேன், அவ்வளவுதான் காரணம். புது வாஷர், அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சு சிலிக்கோன் கிரீஸ், அதோடு முடிந்தது.

சரி, உங்களுடையது எந்த ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பனி கண்ணாடி முழுக்கச் சீராக வந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகப் போனால், உள்ளே அடைபட்ட ஈரக்காற்று. சென்னையில் மழைநாளில் பின்மூடியைத் திறந்து மூடினாலே இது வரும், அதனால் செல் மாற்றும்போது ஏசி ஓடுகிற அறையில் மூடித் தரச் சொல்லுங்கள். பனி ஒரு ஓரத்திலிருந்து கிளம்பினாலோ மணிக்கணக்கில் நின்றாலோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாட்ச்சை அரைமணி நேரம் வெதுவெதுப்பாக வைத்திருங்கள், கையில் கட்டி வெயிலில் நின்றாலே போதும். பிறகு கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துணியால் துடைத்துப் பாருங்கள். சொட்டு இருந்த இடத்தில் உள்பக்கம் மங்கலாகத் தெரிந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. உள்ளே ஈரம் இருக்கிறதா என்று தொழிற்சாலையில் பார்க்கிற ஒடுக்கச் சோதனையும் இதேதான், அங்கே 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கிவிட்டு 18 முதல் 25 டிகிரி தண்ணீரை விடுவார்கள்.

இப்போது அந்த மீட்டர் கணக்கு. 50 மீட்டர் என்றால் 50 மீட்டர் ஆழம் போகலாம் என்று பொருள் இல்லை. ஆய்வகத்தில் அசையாமல் வைத்து, அந்த ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தை, புது வாட்ச்சில், புது வாஷரோடு தாங்கியது என்று பொருள். சாதாரண வாட்ச்சுகளுக்கான ஐஎஸ்ஓ 22810 என்ற சர்வதேசத் தரத்தில் சில மாதிரிகளை எடுத்துச் சோதித்தாலே போதும். முக்குளிப்பு வாட்ச்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்தில்தான் ஒவ்வொரு வாட்ச்சையும், எழுதியிருப்பதைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். அதனால் என் கணக்கு இப்படி: 30 மீட்டர் மழைக்கும் கை கழுவுவதற்கும், 50 மீட்டர் மெதுவாக நீந்துவதற்கு, அருவியும் மடுவும் என்றால் குறைந்தது 100. தண்ணீரில் இறங்கும் மலைப்பயணத்துக்கென்றால் அதற்குக் கீழே உள்ள எதையும் வாங்காதீர்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வாஷர் மாற்றச் சொல்லுங்கள், அழுத்தச் சோதனை செய்கிற வசதி உள்ள சர்வீஸ் சென்டராக இருந்தால் அதையும் செய்யச் சொல்லுங்கள்.

தண்ணீருக்குள் பட்டனை அழுத்தாதீர்கள். சாவி முழுதாக உள்ளே இருக்கிறதா என்று இறங்கும் முன் விரலால் தடவிப் பாருங்கள், திருகு சாவி என்றால் முழுதாகத் திருகியிருக்க வேண்டும். லாட்ஜில் வெந்நீர்க் குளியலின்போது கழற்றி வையுங்கள், சூடும் சோப்பும் ரப்பருக்கு ஆகாது. கடலில் நனைந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசுங்கள். மலையிலேயே தண்ணீர் புகுந்துவிட்டால் நன்றாகத் துடைத்து, சாவியை வெளியே இழுத்துவிட்டு, ஷூ டப்பாவில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஊருக்கு வந்ததும் மறுநாளே திறக்கக் கொடுத்துவிடுங்கள், ஒரு வாரம் தள்ளினால் உள்ளே துரு பிடித்துவிடும்.

உட்கார்ந்த இடத்திலேயே உயரம் ஏறுகிறது

மலைக்கென்றே விலை கொடுத்து உயரமானி உள்ள வாட்ச் வாங்கியவர்கள் சொல்கிற புகார் இது. காலை பத்து மணிக்குக் கூடாரம் அடித்த இடத்தில் 1,050 மீட்டர் காட்டியது, யாரும் நகரவில்லை, மாலை நாலு மணிக்கு 1,080 காட்டுகிறது. வாட்ச் கெட்டுவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோவார்கள்.

கெடவில்லை. இந்த வாட்ச்சுகள் உயரத்தை அளப்பதே இல்லை, காற்றழுத்தத்தை அளந்து அதிலிருந்து உயரத்தைக் கணக்குப் போடுகின்றன. அழுத்தம் 1 ஹெக்டாபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் ஏறக்குறைய 8, 9 மீட்டர் ஏறியதாக எடுத்துக்கொள்ளும். நம் ஊர் மாதிரி வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் கடல் அலை மாதிரி நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு மணி வாக்கில் தாழ்வு, மறுபடி இரவு பத்துக்கு உச்சம், விடிகாலை நாலுக்குத் தாழ்வு. பகல் வேளையில் மட்டும் மூன்று நான்கு ஹெக்டாபாஸ்கல் இறங்கும். பெருக்கிப் பாருங்கள், அந்த 30 மீட்டர் கணக்கு வந்துவிடும். குளிர் நாடுகளில் இந்த ஏற்ற இறக்கம் மிகச் சிறியது.

இதற்கு மருந்து, தெரிந்த உயரத்தில் வாட்ச்சைத் திருத்தி வைப்பது. ரயிலில் போகிறவர்களுக்கு இது சுலபம், ஸ்டேஷன் பெயர்ப்பலகையிலேயே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். ஏலகிரிக்குப் போகிறவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கியதும் முதல் வேலையாக அந்த எண்ணை வாட்ச்சில் போட்டுவிட்டு அப்புறம் டீ குடிக்கலாம். ஏற ஆரம்பிக்கும் இடத்தில் உயரம் எழுதிய பலகை இருந்தால் அங்கே மறுபடி ஒரு முறை. சென்னையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் பரங்கிமலை இருக்கிறது. அடிவாரத்தில் பார்த்துவிட்டு நேராக மேலே ஏறிப் பாருங்கள், சில நிமிட வேலைதான், அதற்குள் அழுத்தம் பெரிதாக மாறாது. ஏறும்போது கூடிய எண் இறங்கும்போது அதே அளவு குறைந்தால் சென்சார் நன்றாக இருக்கிறது.

குறையவில்லை, எண் ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்கிறது என்றால் வாட்ச்சின் பக்கவாட்டில் இருக்கிற சின்னத் துளைகளைப் பாருங்கள். வேர்வை உப்பும் சன்ஸ்கிரீனும் மண்ணும் சேர்ந்து அடைத்திருக்கும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசினால் போய்விடும். ஊசியால் குத்தவே கூடாது, உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் சென்சாரே போச்சு.

இரவு தங்கும்போது வாட்ச்சை உயரமானியிலிருந்து காற்றழுத்தமானிக்கு மாற்றிவிடுங்கள். அழுத்தம் எப்படி மாறுகிறது என்பதை வைத்து வானிலையை ஊகிக்கலாம். ஆனால் மேலே சொன்ன காரணத்தால் மதியம் அழுத்தம் இறங்குவதைப் பார்த்துப் புயல் என்று பயப்பட வேண்டாம். நேற்று இதே மணிக்கு எவ்வளவு இருந்தது என்று ஒப்பிடுங்கள். அதைவிட நன்றாகக் குறைந்திருந்தால், அதுவும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலில் தாழ்வு உருவாகும் காலமாக இருந்தால், கூடாரத்தை மடித்து இறங்கிவிடுவதுதான் சரி.

வெப்பநிலையும் தப்பாகக் காட்டும், உங்கள் கைச் சூட்டையும் சேர்த்து அளப்பதால். கழற்றி அரைமணி நேரம் நிழலில் வைத்த பிறகு பார்க்க வேண்டும்.

பாதி வழியில் பார்த்தால் கை காலியாக இருக்கிறது

வாட்ச் நன்றாகத்தான் இருந்தது, ஸ்ட்ராப் விட்டுவிட்டது. பையை மாட்டிக் கழற்றும்போது பட்டை கொக்கியில் சிக்கி, ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்பிரிங் பின் எகிறிவிடும். கிளம்பும் முன் ஸ்ட்ராப்பை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், பின் ஆடினால் மாற்றிவிடுங்கள், அதைவிட மலிவான பாகம் வாட்ச்சில் வேறு இல்லை.

இன்னொரு காரணம் ரெசின் ஸ்ட்ராப். அதைச் செய்யும் பாலியூரிதேன் பிளாஸ்டிக் நம் ஊர் ஈரத்தில் வருடக்கணக்கில் தன்னாலேயே சிதையும், அலமாரியில் வைத்திருந்தாலும் விடாது. வாட்ச்சின் உடலோடு சேருகிற இடத்தில் ஸ்ட்ராப்பை லேசாக வளைத்துப் பாருங்கள், வெள்ளைக் கோடு விழுந்தால் ஆயுள் முடிந்துவிட்டது. கொசு, அட்டைக்குப் பூசுகிற மருந்தில் டீட் என்ற ரசாயனம் இருந்தால் அது பிளாஸ்டிக்கையே கரைக்கும், ஸ்ட்ராப்பையும் பிளாஸ்டிக் கண்ணாடியையும் சேர்த்து. மருந்து பூசிக் கை காய்ந்த பிறகு வாட்ச்சைக் கட்டுங்கள், கட்டுகிற இடத்தில் பூச வேண்டாம்.

நான் இப்போது கட்டுவது ஒரே நீளத் துண்டான நைலான் பட்டை, நேட்டோ ஸ்ட்ராப் என்பார்கள். இரண்டு பின்களுக்கும் அடியில் ஓடுவதால் ஒரு பின் உடைந்தாலும் வாட்ச் கீழே விழாது. பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 1973-ல் வரையறுத்த வடிவம் அது. இதை மாட்ட முடிகிற மாதிரி 18, 20, 22 மில்லிமீட்டர் என்று பொது அளவில் ஸ்ட்ராப் எடுக்கும் வாட்ச்சாகப் பார்த்து வாங்குங்கள். அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும் ஸ்ட்ராப் என்றால், மாடல் நின்ற பிறகு ஸ்ட்ராப்புக்காக ஊரெல்லாம் அலைய வேண்டியதுதான்.

விநாடி முள் இரண்டிரண்டாகத் தாவுகிறது, லைட் போட்டால் எழுத்து மங்குகிறது

இரண்டும் செல் தீர்கிற அறிகுறி. செல்லில் ஓடும் பல குவார்ட்ஸ் வாட்ச்சுகளில் முள் தாவுவது வேண்டுமென்றே வைத்த எச்சரிக்கை. டிஜிட்டலில் லைட் பட்டனை அழுத்தும்போது எண்கள் வெளிறினால் அடுத்த பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள், கூடவே புது வாஷரும் போடச் சொல்லுங்கள், காரணம் பனி படரும் பகுதியில் இருக்கிறது.

சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் வாட்ச் திடீரென்று இருண்டு கிடந்தால் பயப்பட வேண்டாம், இருட்டில் இருந்ததால் தூக்கத்துக்குப் போயிருக்கும். ஜன்னலோரம் சில மணி நேரம் நல்ல வெளிச்சம் பட வையுங்கள். கார் டாஷ்போர்டில் மட்டும் வேண்டாம், மே மாதச் சென்னையில் அந்தச் சூடு செல்லுக்கும் ரப்பருக்கும் கேடு. முழுக்கை சட்டைக்குள்ளேயே வைத்திருந்தால் மலையில் நாள் முழுக்க நடந்தும் சார்ஜ் ஏறாது.

திசை தப்பாகக் காட்டுகிறது

வாட்ச்சிலேயே திசைகாட்டி இருந்தால், முதலில் இடது கையில் வாட்ச், அதே கையில் போன் என்று இருக்கிறதா பாருங்கள். போன் கவரில் காந்தம், பவர் பேங்க், இரும்புக் கொக்கி எதுவும் அரை மீட்டருக்குள் இருக்கக் கூடாது. அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, வாட்ச் சொல்கிற முறையில் கையை மெதுவாக எட்டு வடிவில் அசைத்து அளவு திருத்துங்கள். செல் மாற்றிய பிறகு இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

முள் வாட்ச்சை வைத்துத் திசை பார்க்கும் வித்தையை எல்லோரும் சொல்லித் தருவார்கள்: மணி முள்ளைச் சூரியனுக்கு நேராக வை, அதற்கும் 12-க்கும் நடுவே தெற்கு. இங்கே அதை நம்பி நடக்காதீர்கள். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு மேலேயோ வடக்குப் பக்கமாகவோதான் போகும், அப்போது அந்த வித்தை தெற்கு என்று காட்டுவது உண்மையில் வடக்காகக்கூட இருக்கும். கோடை விடுமுறையில் மலைக்குப் போகிறவர்கள் பலர், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு சின்னத் திசைகாட்டி பையில் இருக்கட்டும்.

ஜிபிஎஸ் பாதை கோணல்மாணலாக வருகிறது

இரவு முழுக்க பஸ்ஸில் வந்து, இறங்கியதும் ஸ்டார்ட் அழுத்தி நடக்க ஆரம்பிப்பதால் வருவது. கிளம்பும் முன் வீட்டில் போனோடு சேர்த்து ஒரு முறை ஒத்திசைத்துக்கொள்ளுங்கள், இறங்கிய இடத்தில் திறந்த வானத்துக்குக் கீழே ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். அடர்ந்த காட்டிலும் செங்குத்துப் பாறைக்குப் பக்கத்திலும் எந்த வாட்ச்சும் கொஞ்சம் தடுமாறும்.

கண்ணாடியெல்லாம் கீறல்

மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 7, சாதாரண மினரல் கண்ணாடி அதற்குக் கீழே, சஃபையர் 9. மெரினா மணலைச் சட்டையில் துடைத்தாலே மினரல் கண்ணாடி கீறும். சஃபையர் கீறாது, ஆனால் பாறையில் நேராக மோதினால் சில்லாக உடையும். அப்பாவின் பழைய எச்எம்டியில் இருக்கிற மாதிரி அக்ரிலிக் என்றால் சுலபமாகக் கீறும், பாலிஷ் போட்டால் போய்விடும். எதுவாக இருந்தாலும் கண்ணாடியைவிட சுற்று விளிம்பு உயரமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள், பாறையில் உரசும்போது அடி முதலில் விளிம்புக்குப் போக வேண்டும்.

ராத்திரியில் மணி தெரியவில்லை

வெள்ளியங்கிரி மாதிரி இரவில் ஏறும் மலைகளில் இது பெரிய தொந்தரவு. முள்ளில் பூசிய ஒளிரும் பூச்சு வெளிச்சத்தைக் குடித்துத்தான் ஒளிரும், அதனால் ஏறும் முன் டார்ச்சை ஒரு நிமிடம் அதன்மேல் அடியுங்கள். அலாரம் கேட்கவில்லை என்றால் போர்வைக்குள் கையோடு வைத்துத் தூங்காமல், கழற்றிக் கூடாரத்தின் உள்கொக்கியில் தலைமாட்டில் தொங்கவிடுங்கள்.

அடிபட்டதும் நின்றுவிட்டது

ஷாக் ப்ரூஃப் என்று எழுதியிருந்ததே என்பார்கள். ஐஎஸ்ஓ 1413 என்ற தரம் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மரத்தரையில் விழுவதற்குச் சமமான அடியைத்தான் கேட்கிறது. பாறை அதில் இல்லை. பெட்டியில் மில்-எஸ்டிடி-810 என்று பெரிதாகப் போட்டிருப்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு, யாரும் கையெழுத்துப் போட்டுத் தரும் சான்றிதழ் அல்ல. அதில் எந்தச் சோதனையைச் செய்தார்கள் என்று எழுதாத பெட்டியை நம்ப வேண்டாம். கேசியோவின் ஜி-ஷாக் வாட்ச் 1983-ல் வந்தபோது அதன் இலக்கு 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்குவது, 10 பார் (100 மீட்டர் ஆழத்துக்குச் சமமான) தண்ணீர் அழுத்தம், 10 வருட செல். உள்ளே இருக்கும் இயந்திரத்தைச் சில இடங்களில் மட்டும் தாங்கி, மிதக்கிற மாதிரி வைத்ததுதான் அதன் சூட்சுமம். பாறை ஏறுகிறவர்களுக்கு நான் அதையே சொல்கிறேன், விலை குறைந்த சதுர மாடலே போதும்.

அவ்வளவு செலவு இப்போது முடியாது என்றால் கேசியோ எஃப்-91டபிள்யூ இருக்கிறது. 1989-லிருந்து வருகிறது, 21 கிராம், ஒரு சிஆர்2016 செல்லில் ஏறக்குறைய ஏழு வருடம் ஓடும். மழையைத் தாங்கும், மடுவில் குதிக்க ஆகாது, குளிக்கும் முன் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். போலி நிறைய இருப்பதால் பில்லோடு வாங்குங்கள். கடையில் வைத்தே வலது பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் அசலில் கேசியோ என்ற பெயர் திரையில் வரும். அதையும் போலியில் கொண்டுவந்துவிட்டார்கள், அதனால் அது ஒன்றை மட்டும் பார்க்காமல் பின்மூடியில் எழுத்து கூர்மையாக இருக்கிறதா, பட்டன்கள் ஆடாமல் அழுந்துகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.